சுண்ணாம்புக் குழியருகே சொல்ல மறந்த சொல்

கேளுங்கள், கேளுங்கள்! காற்று போன போக்கில் கப்பல் போன காலத்துக் கதை இது. மேலைக் கடற்கரையில் ஒரு துறைமுகம். மிளகு வாங்க வந்து அங்கேயே தங்கிவிட்ட யூதர்களுக்கு அங்கே ஒரு தெரு. அந்தத் தெருவில் தோல் பதனிடுகிறவன் மெனாகேம். உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் நடப்பான், நடந்தால் ஓடுவான். அப்படியொரு ஆள்!

அவனுடைய ஒரே மகன் நப்தலி கடலுக்குப் போயிருந்தான். பருவம் கடந்தும் கப்பல் வரவில்லை. "ஆண்டவரே, பிள்ளை திரும்பட்டும். புது வேதச் சுருளுக்கு வேண்டிய தோலெல்லாம் என் கையாலே பதனிட்டுத் தருகிறேன்" என்று நேர்ந்துகொண்டான்.

அந்த மக்களுக்கு ஒரு விதி உண்டு. தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போடும்போதே, "வேதத்தின் பரிசுத்தத்துக்காக இதைப் பதனிடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போட்ட தோலில் மத்தளம் கட்டலாம், வேதம் எழுதக் கூடாது.

மெனாகேம் தோல்களைக் கையில் எடுத்தான். அந்நேரம் பார்த்துத் துறையில் முரசு அதிர்ந்தது. கப்பல்! தோல்களைக் குழியில் வீசிவிட்டு ஒரே ஓட்டம். மகன் உயிரோடு இறங்கினான். அப்பன் கட்டிக்கொண்டு அழுதான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

தோலோ, அடடா, பால் மாதிரி வெளுத்து வந்தது! தெருவே மெச்சியது. மகன் மெச்சினான். சுருள் எழுதும் அசரியா தடவித் தடவி மெச்சினார். மெச்ச மெச்ச மெனாகேமுக்குச் சொல்லாமல் விட்ட சொல்தான் நினைவுக்கு வந்தது. காய்ந்த தோலின் முன் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தான். வெந்து முடிந்த சோற்றுக்கு உலை வைத்தால் ஆகுமா?

"என்னங்க, யாரு பார்த்தாங்க? கம்முனு இருங்க. நேர்த்திக்கடன் தட்டிப்போனா பிள்ளைக்கு ஆகாது" என்றாள், அவன் சொல்லக் கேட்ட மனைவி சிப்போராள். அதைக் கேட்டதும் அவனுக்குச் சோறும் இறங்கவில்லை.

எழுதத் தொடங்கும் நாள் வந்தது. ஊர் கூடியிருந்தது. அசரியா இறகை மையில் தோய்த்தார்.

"நிறுத்துங்க ஐயா!" என்று மெனாகேம் அலறினான். "அந்தச் சொல்லை நான் சொல்லலை. கப்பலைப் பார்த்து ஓடிட்டேன்."

"அடப்பாவி! நீ சொல்லாவிட்டால் எனக்கு எப்படியப்பா தெரியும்?"

"தெரியாதுங்க. அதான் எனக்குத் தூக்கமே வரலை."

அசரியா இறகைக் கீழே வைத்தார். "போ, புதுத் தோல் போடு. ஆண்டவர் காத்திருப்பார்" என்றார். பழைய தோலெல்லாம் மத்தளக்காரன் வீட்டுக்குப் போயிற்று.

புதுத் தோல் போடும் நாளில்தானா நப்தலியின் கப்பல் மறுபடி கிளம்ப வேண்டும்! முரசு அதிர்ந்தது. மெனாகேமின் கால் துடித்தது, கண் துடித்தது, நெஞ்சு துடித்தது. ஆனால் அவன் திரும்பவில்லை. ஒவ்வொரு தோலுக்கும் நிறுத்தி, நிதானமாய், வாய்விட்டுச் சொல்லி முடித்தான். பிறகுதான் ஓடினான்.

கப்பல் தூரத்தில் புள்ளியாகியிருந்தது. சுண்ணாம்பு அப்பிய கையைத் தூக்கி ஆட்டினான், அழுதான்.

கரையில் நின்ற சிப்போராள் சொன்னாள்: "அப்பா எங்கேன்னு கேட்டான். குழிகிட்ட இருக்காருன்னேன். 'அப்போ இந்தத் தடவை சொல்லிட்டுத்தான் வருவாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே ஏறினான்."

ஊரார் கண்ணுக்குத் தெரியாத குறையானாலும், செய்தவன் நெஞ்சுக்குத் தெரிந்தால் அதை மறைக்கலாகாது.