சேமியாவின் காதுக்குப் பின்னால்

ஒரு காட்டில், மலைப்பாதை வளைந்து ஏறும் இடத்தில் ஓர் அத்திமரம் நின்றது. அதில் பூவாத்தா என்ற குரங்கு வாழ்ந்தாள். பேன் பார்ப்பதில் அவளுக்கு ஈடாக அந்த மலையில் யாரும் இல்லை. மனதோ வெண்ணெய் மாதிரி. யாராவது “ஆ” என்று முனகினால் போதும், அவளுடைய விரல்கள் தாமாகவே நின்றுவிடும்.

ஒரு நாள் அந்த வளைவில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர்கள் குரங்குகளைப் படம் பிடித்தார்கள், சிப்ஸ் தின்றார்கள், ஏறிப் போய்விட்டார்கள். அவர்களோடு இறங்கிய குட்டி நாய் மட்டும் பாதையோரத்தில் நின்றுகொண்டிருந்தது. பூனை அளவு உடம்பு. தலையிலிருந்து தரைவரை தொங்கும் முடி.

பூவாத்தா ஒரு கிளை கீழே இறங்கினாள். “யாரடா நீ? நாயா, இல்லை, நடக்கிற கோரைப்புல்லா?”

“நாய்தான் அக்கா. டெரியர் இனம். முடி இப்படித் தொங்குவதால் சேமியா என்று பெயர் வைத்தார்கள். என்னை மறந்து போய்விட்டார்கள். இதோ, திரும்பி வந்துவிடுவார்கள்.”

மூன்று நாள் ஆயிற்று. யாரும் வரவில்லை. நான்காம் நாள் பூவாத்தா அவனை அழைத்துப் போய் ஒரு பாறையிடுக்கில் தங்க வைத்தாள்.

“கோடை வந்தால் இந்த முடியெல்லாம் உதிர்ந்துவிடுமா?” என்று கேட்டாள்.

“உதிராது அக்கா. வளர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் தினமும் வேரிலிருந்து சீவிவிடுவார்கள். எனக்குச் சீப்பைக் கண்டாலே ஆகாது.”

“சீப்பு கிடக்கட்டும். பத்து விரல் இருக்கிறதே எனக்கு!”

அன்று முதல் அதுதான் காலை வேலை. சேமியா ஒரு குச்சியைக் கடித்துக் கடித்துப் பல்லைத் துலக்குவான். பாறையில் ஓடியோடி நகத்தைத் தேய்ப்பான். பிறகு பூவாத்தாவின் முன்னால் வந்து படுப்பான். முதுகு முடியை அவள் கோதிவிட்டால் பட்டு மாதிரி மின்னும். ஆனால் காதுக்குப் பின்னாலோ, முன்னங்காலின் அக்குளிலோ விரல் போனால் கத்திவிடுவான்.

“அங்கே வேண்டாம் அக்கா! வலிக்கிறது!”

“சரிடா கண்ணு, அழாதே. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்பாள் பூவாத்தா.

மறுநாளும் அதையேதான் சொல்வாள்.

சேமியா பொல்லாதவன் அல்ல. எலியைக் கண்டால் மட்டும் அவன் கால்கள் அவனுடைய பேச்சைக் கேட்காது. மூங்கில் புதருக்கு அடியில் கூரி என்ற காட்டெலி ஆறு குஞ்சுகளோடு இருந்தாள். தினமும் ஒரு முறையாவது சேமியா அங்கே ஓடி, வளையின் வாசலைப் பிறாண்டிவிட்டு வருவான்.

மழைக்காலம் வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும், “அடடா, என்ன பளபளப்பு!” என்றார்கள். சேமியாவோ பகலெல்லாம் சொறிந்துகொண்டிருந்தான். முடிக்கு அடியில் முடிச்சு விழுந்திருந்தது. அவன் மேல் ஒரு நாற்றமும் வரத் தொடங்கியது.

அந்தப் பக்கமாக வந்த பன்றி மாமா நின்று பார்த்தார். எவர் வீட்டு நோய்க்கும் மருந்து சொல்லாமல் நகராத ஆள் அவர்.

“இதற்கா இவ்வளவு கவலை? சேற்றில் புரளட்டும். எனக்குக் காய்ச்சல் வந்தால் சேறு. உண்ணி கடித்தால் சேறு. மனசு சரியில்லையா, இன்னும் கொஞ்சம் சேறு!”

“அதில் வலி இருக்காதே?” என்று பூவாத்தா கேட்டாள்.

“சுகமாக இருக்கும், அம்மா.”

வலி இல்லை என்றதும் பூவாத்தாவுக்கு அதுவே நல்ல வழியாகத் தோன்றியது. சேமியா சேற்றில் புரண்டான். சுகமாகத்தான் இருந்தது. பிறகு வெயில் அடித்தது. நனைந்த முடிச்சுகள் காயக் காய இறுகின. அக்குள் முடி மார்போடு ஒட்டி இழுத்ததில் முன்னங்காலைத் தூக்க முடியவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இரண்டு நாளாக அவன் ஒன்றும் தின்னவில்லை.

பூவாத்தா அவன் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்திருந்தது. முதல் முறையாக, அவன் கத்தக் கத்த, காதுக்குப் பின்னால் விரலை நுழைத்தாள். முடி தேங்காய் நார் மாதிரி கெட்டித்துக் கிடந்தது. அதன் ஓரத்தைத் தூக்கியபோது உள்ளே புண் தெரிந்தது. புண்ணைச் சுற்றி ஆமணக்கு விதை அளவுக்கு உண்ணிகள், ரத்தம் குடித்து உப்பிப்போய்.

‘நாளைக்கு, நாளைக்கு என்று நான்தானே சொன்னேன்’ என்று தன்னையே நொந்துகொண்டாள். முடிச்சைப் பிரிக்கப் பார்த்தாள். விரலால் ஆகிற காரியமாக இல்லை. கூர்மையான சின்னப் பல் வேண்டும். அப்படிப்பட்ட பல் அந்தப் பக்கத்தில் ஒருத்திக்குத்தான் இருந்தது.

பூவாத்தா மூங்கில் புதருக்குப் போனாள்.

“வா தாயே!” என்றாள் கூரி, வளைக்குள் இருந்தபடியே. “உன் செல்லப்பிள்ளை இரண்டு நாளாக வரவில்லையே? வாசலெல்லாம் வெறிச்சென்று கிடக்கிறது.”

“அவன் சாகக் கிடக்கிறான், கூரி. முடிச்சை நீதான் கடித்து எடுக்க வேண்டும்.”

“நல்ல கதை! நாயின் கழுத்தில் போய் நான் வாயை வைக்கவா? எனக்கு ஆறு குஞ்சு இருக்கிறது.”

“அவன் வாயை நான் பிடித்துக்கொள்கிறேன். இனி இந்தப் புதர் பக்கம் அவன் வர மாட்டான். அதற்கு நான் பொறுப்பு.”

கூரி வெளியே வந்து மீசையைத் துடைத்தாள். “அவனை நான் நம்பினாலும் உன்னை எப்படி நம்புவது? அவன் ‘ஆ’ என்பான். நீ உடனே கையை எடுத்துவிடுவாய். பாதியில் விட்டால் மிச்ச முடிச்சு அவன் தோலைக் கிழிக்கும். அவன் திரும்பினால் என் கதை முடிந்தது. கடைசிவரை கையை எடுக்காமல் இருப்பாயா? அதைச் சொல்லு, வருகிறேன்.”

பூவாத்தா தன் பத்து விரலையும் ஒரு முறை பார்த்தாள். “எடுக்க மாட்டேன்” என்றாள்.

சேமியாவின் தலையை மடியில் வைத்து, அவன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். எலி வாசம் வந்ததும் அவன் பின்னங்கால்கள் துடித்தன.

கூரி அவன் கழுத்தில் ஏறினாள். “இதோ பார் தம்பி. என் பல் உன் கழுத்தில் இருக்கிறது. உன் பல் என் முதுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரம் இரண்டு பேருமே நல்ல பிள்ளையாக இருப்போம்.”

நறுக், நறுக் என்று வேலை தொடங்கியது. ஒவ்வொரு கடிக்கும் தோல் இழுபட்டது.

“அக்கா! நிறுத்தச் சொல்லு அக்கா!” என்று பொத்திய வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

பூவாத்தாவின் விரல்கள் தளர்ந்தன. கூரி சட்டென்று நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் இருந்த பயத்தைப் பூவாத்தா பார்த்தாள். விரல்களை மறுபடி இறுக்கினாள்.

“நிறுத்த மாட்டேன்டா. அழு. எவ்வளவு வேண்டுமானாலும் அழு. நான் உன்னை விட்டுப் போக மாட்டேன்.”

இரண்டு காதும் இரண்டு அக்குளும் முடிவதற்குள் நிழல் பாறையைத் தாண்டிவிட்டது. கூரி ஒரே தாவலில் கீழே குதித்து, வாயிலிருந்த முடியைத் துப்பினாள். “சொன்னதை மறந்துவிடாதே” என்று சொல்லிவிட்டு ஓடினாள். பூவாத்தா உண்ணிகளை ஒன்று விடாமல் பிடுங்கினாள். ஓடைத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, ஈரம் போகும்வரை அவனோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் சேமியா எழுந்து தின்றான். பத்தாம் நாள் ஓடினான். அங்கங்கே மொட்டையாக நின்றவனைப் பார்த்துப் பன்றி மாமா, “யார் இது, புதுசாக வந்த கீரியா?” என்றார். சேமியா கோபித்துக்கொள்ளவில்லை. மூங்கில் புதர் பக்கம் எலி கிரீச்சிட்டால் மட்டும் ஒரு குச்சியைக் கவ்விக் கடித்துக்கொண்டு, வேறு திசையில் ஓடுவான்.

முடி மறுபடி வளர்ந்தது. ஒரு காலையில் கோதிக்கொண்டு வந்த பூவாத்தாவின் விரல், காதுக்குப் பின்னால் மிளகளவு முடிச்சு ஒன்றில் தட்டியது.

“அங்கே வேண்டாம் அக்கா” என்றான் சேமியா.

பூவாத்தா ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முடியை வேர்வரை வகிர்ந்து, முடிச்சைப் பிரிக்கத் தொடங்கினாள். சேமியா ஒரு முறை கத்தினான். அப்புறம் அவள் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தான்.

நீதி: வலிக்குமே என்று தொடாமல் விட்ட இடத்தில்தான் நோய் வளரும், அழுகையைக் கேட்டும் கையை எடுக்காமல் இருப்பதும் அன்புதான்.