சின்னத் தட்டில் இல்லாத சரணம்

சங்கரநயினாருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குரு மரியபுஷ்பம் டீச்சருக்கு நாற்பத்திரண்டு. தூத்துக்குடியில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. முப்பது வருஷம் ஆபீஸில் அதிகாரம் பண்ணி பென்ஷன் வாங்கிய மனிதர், பாட்டு கேட்கக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரிடம் போய் நின்றால் ஊர் சும்மா இருக்குமா?

ஞாயிறு சாயங்காலம் டீச்சர் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு பழைய இசைத்தட்டு கொண்டுவரலாம். டீச்சர் போடுவார், எல்லோரும் கேட்பார்கள், அவ்வளவுதான்.

நயினாரிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒரே பாட்டு சின்னத் தட்டில் எப்படி வந்தது, பெரிய தட்டில் எப்படி வந்தது என்று அதில் எழுதி வைத்திருந்தார். சின்னத் தட்டில் இடம் குறைவு. அதனால் சில பாட்டில் முன்னால் வரும் ஹம்மிங் போயிருக்கும், சிலதில் வயலின் போயிருக்கும், சிலதில் ஒரு சரணமே காணாமல் போயிருக்கும். நானூறு பாட்டுக்கு மேல் சேர்த்துவிட்டார்.

"ரெண்டுல எது டீச்சர் அசல்?" என்று வாராவாரம் கேட்பார்.

டீச்சர் தூசி பிடித்த நாலு தட்டுகளை அவர் கையில் கொடுத்துக் கழுவச் சொல்வார். நோட்டை ஒருநாளும் வாங்கிப் பார்த்ததில்லை. அதில் நயினாருக்கு உள்ளூர வருத்தம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்துரை வந்தார். பேக்கரியில் மக்ரூன் போடுகிறவர். மனைவி ஞானசெல்வம் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த சின்னத் தட்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வீட்டிலிருந்த பிளேயர் பழுதாம். தட்டில் பக்கத்துக்கு ஒரே பாட்டு.

பாட்டு ஓடியது. இரண்டாவது சரணம் முடிந்து, பல்லவி வந்து நின்றது. முள் கடைசி வளையத்தில் டிக், டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் எடுக்கப் போனபோது, கொஞ்சம் இருக்கட்டும் என்று பால்துரை கையைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"இது முழுப் பாட்டு இல்ல, தெரியுமா?" என்றார் நயினார். "பெரிய தட்டுல மூணாவதா ஒரு சரணம் உண்டு. அதுதான் பாட்டுக்கே உயிர். இத்தன வருஷமா நீங்க கேட்டது அரைப் பாட்டு."

யாரோ சிரித்தார்கள். பால்துரையும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

படியில் அந்தச் செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நயினாருக்கு முகம் சுட்டது. டீச்சர் அடுத்த தட்டைத் துடைத்துப் போட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பரிகாரம் செய்கிறேன் பேர்வழி என்று மறுநாளே பெரிய தட்டையும் தன் பிளேயரையும் தூக்கிக்கொண்டு பால்துரை வீட்டுக்குப் போனார். முழுப் பாட்டையும் கேட்டால் மனுஷன் மனசு குளிர்ந்துவிடும் என்று நினைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பால்துரை மரியாதைக்கு உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது சரணம் வந்தது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"நிப்பாட்டுங்க, அண்ணாச்சி" என்றார். குரலில் கோபம் இல்லை. "பாட்டு முடிஞ்சதும் யாரு எந்திரிச்சு முள்ளை எடுக்கதுன்னு எனக்கும் அவளுக்கும் தினம் போட்டி. ரெண்டு பேரும் எந்திரிக்க மாட்டோம். அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே கெடக்கும். இனிமே ரெண்டாவது சரணம் முடிஞ்சா எனக்கு இந்தச் சரணம்லா வரும். அவ கேக்காத சரணம்."

சின்னத் தட்டை எடுத்து நயினார் மடியில் வைத்தார். தனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நயினார் நேரே டீச்சர் வீட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"வெக்கமா இருக்கு, டீச்சர். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இதைத் திருப்பிக் கொடுப்பேன்? கொடுத்துட்டு என்ன சொல்லுவேன்?"

டீச்சர் சின்னத் தட்டை வாங்கிப் போட்டார். இரண்டு சரணமும் ஓடி முடிந்தன. முள் டிக், டிக் என்று சுற்றியது. நயினார் பழக்கத்தில் கையை நீட்டினார்.

"இருங்க, அண்ணாச்சி."

கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பார்ப்பதற்கு அந்தத் தட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. தட்டு முழுக்கக் கறுப்பாகத்தான் இருந்தது. நடுவில் ஒட்டிய காகிதத்தை ஒட்டி, அந்தக் கடைசி வளையம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. எத்தனையோ தட்டுகளைக் கழுவியிருக்கிறார், இப்படித் தேய்ந்த வளையத்தைப் பார்த்ததில்லை. முந்தின நாள் எந்த இடத்தில் வாயைத் திறந்தோம் என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உங்க நோட்டைத் தாங்க" என்றார் டீச்சர்.

இத்தனை நாள் கேட்க மாட்டாரா என்று ஏங்கியவர், இன்றைக்குத் தயங்கித் தயங்கித்தான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டீச்சர் புரட்டி அந்தப் பாட்டைக் கண்டுபிடித்தார். 'சின்னத் தட்டு: மூன்றாவது சரணம் இல்லை' என்று எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. பக்கத்தில், 'பெரிய தட்டு: எல்லாம் உண்டு.'

நயினார் பேனாவை எடுத்தார். "அடிச்சிரட்டுமா, டீச்சர்?"

முள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைக் காட்டினார்.

"அடிக்க வேண்டாம். பெரிய தட்டுல இது இல்லன்னு ஒரு வரி சேக்கணும். நீங்க எழுதாதீங்க, அண்ணாச்சி. தட்டோட நோட்டையும் கொண்டுபோய் அவர எழுதச் சொல்லுங்க."