சுவிசேஷமுத்துவின் வாய்மொழித் தேர்வு

உப்பளத் தொழிலாளி மகன் சுவிசேஷமுத்துவுக்கு வாய் திக்கும். ஆனாலும் ஊழியம் செய்ய ஆசைப்பட்டு வேதாகமக் கல்லூரியில் சேர்ந்து, ஆதியாகமம் முதல் உபாகமம் வரை வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களையும் கரைத்துக் குடித்திருந்தான். வாய்மொழித் தேர்வுக்கு வந்து வாய்த்தவரோ பேராசிரியர் ஜெபரத்தினம். மடைதிறந்த வெள்ளமாய்ப் பிரசங்கிப்பவர்; அந்தக் கர்வமும் நிறைய உண்டு.

பேராயர் பக்கத்திலிருக்க, ஜெபரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டார். "தம்பி, திக்கினால் தோல்விதான். திக்காமல் சொல்லு, இந்த ஐந்து ஆகமங்களையும் நமக்குத் தந்தது யார்?"



"தி... திக்குவாய் மோசே, ஐயா. ஆண்டவர்கிட்ட அவரே அப்படித்தான் சொன்னாரு."

பேராயர் சிரித்துவிட்டார். ஜெபரத்தினத்துக்கு முகம் சிவந்தது. "அதனால்தானே பேசுவதற்கு அவருடைய அண்ணன் ஆரோனை ஆண்டவர் கூடவே அனுப்பினார்! சரளமாகப் பேசுகிறவன்தான் சபைக்கு வேண்டும்."

"வா... வாஸ்தவம் ஐயா. மோசே மலைமேல இருந்தப்போ சபையை அந்த ஆரோன்தான் பாத்துக்கிட்டாரு. இவரு இறங்கி வந்து பாத்தா, சபை கும்பிட அவரு செஞ்சு வச்ச பொ... பொன் கன்றுக்குட்டி நிக்குது!"

பேராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஜெபரத்தினம், வருகிற ஞாயிறு நீங்கள் ஓய்வெடுங்கள். பிரசங்கத்தை இந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்."

அந்த ஞாயிறு சுவிசேஷமுத்து திக்கித் திக்கித்தான் பேசினான். சபையில் ஒருவர்கூடக் கண்ணயரவில்லை, ஜெபரத்தினம் உட்பட.