யாரோ எழுதிய பாட்டு

பாட்டு கற்றுக்கொள்ளப் போனபோது குமுதவல்லிக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. சொல்லிக்கொடுத்த அல்லியங்கோதைக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் உள்ளே வந்தால் குமுதவல்லி எழுந்து நிற்பாள். 'டீச்சர்' என்பாள். டீச்சர் அவளை 'அக்கா' என்று கூப்பிடுவார்.

ஊர்ச் சபையில் ஒரு விழா. பெண்கள் எழுதிய பாட்டுகளை மட்டும் பாட வேண்டும் என்று டீச்சரைக் கேட்டிருந்தார்கள். சாமிப் பாட்டு, சுதந்திரப் போராட்டப் பாட்டு, நடவுப் பாட்டு எல்லாம் சேர்த்துவிட்டு, கடைசியில் குமுதவல்லி எழுதிய ஒரு பாட்டையும் டீச்சர் வைத்தார்.

அன்றோடு குமுதவல்லிக்குத் தூக்கம் போயிற்று.

"என் பேரைச் சொல்லாதீங்க டீச்சர்."

"ஏன் அக்கா?"

"'எல்லார்க்கும் பரிமாறி எஞ்சியதே என் பங்கு'ன்னு வருதே. பேரைச் சொன்னா எந்த வீட்டுச் சமையக்கட்டுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். வீட்டுக்காரரோட அண்ணன் முன்வரிசையில உட்கார்ந்திருப்பார்."

"சரி, என்ன சொல்லட்டும்?"

"யாரோ எழுதினதுன்னு சொல்லிடுங்க."

விழா மேடையில் டீச்சர் அப்படியே சொன்னார். சொல்லிவிட்டுப் பாடினார்.

பின்னால் தம்புரா மீட்டிக்கொண்டிருந்த குமுதவல்லிக்கு விரல் வியர்த்து, தந்தி வழுக்கியது. பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"இது எங்க பெரியப்பா எழுதின பாட்டும்மா. அவர் நடை எனக்குத் தெரியாதா? அவர் போனதுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் காதுல விழுது."

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. விழாச் செயலாளர் அவசரமாக மேடையேறினார். "பெண்கள் பாட்டு விழான்னாலும் பரவாயில்ல, பெரியப்பா பேரைச் சொல்லுங்க ஐயா, இப்பவே அறிவிச்சிடலாம்."

போகட்டும், பாவம், சந்தோஷப்படுகிறார் என்றுதான் குமுதவல்லி முதலில் நினைத்தாள். வீட்டிலும் வம்பு இருக்காது. ஆனால் அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், நீங்க சொல்லுங்களேன்!" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கெஞ்சினாள்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். தன் முன்னால் இருந்த மைக்கைத் தூக்கி அவள் பக்கத்தில் வைத்தார்.

முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை குரல் வந்தது.

"அது நான் எழுதினதுங்க ஐயா. குமுதவல்லி. கீழ வீதி அரிசி மண்டி வீட்டு மருமக."

"நீயாம்மா?"

"ஆமாங்க."

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். முன்வரிசையில் கணவனின் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த கணவன் பாதி எழுந்தான். வாசலைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான், பிறகு உட்கார்ந்துவிட்டான். எங்கிருந்தோ ஒரு பெண் கை தட்டினாள். அப்புறம்தான் மற்றவர்கள் தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் டீச்சர் தம்புராவுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். குமுதவல்லி அதைச் சாய்த்துப் பிடித்துக் கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு டீச்சர்."

"இருக்கும் அக்கா."

"நான் வாயே திறக்கலேன்னா, நீங்க சொல்லியிருப்பீங்கதானே?"

"மாட்டேன்."

குமுதவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தப் பெரியவர் அவங்க பெரியப்பா பேரை வச்சிருப்பாரே!"

டீச்சர் உறையின் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அவர் அவங்க பெரியப்பா பேரை வச்சிருப்பார். நான் சொல்லியிருந்தா உங்க பேரை வச்சிருப்பேன். ரெண்டுமே நீங்களா வச்ச பேர் இல்லையே அக்கா."