இஞ்சிக்கு உரிமை கொண்டாடிய மூவர்

கடம்பத்துறைப் பட்டினத்தைக் கோதண்டபூபதி ஆண்டுவந்த காலத்தில், அவருடைய அவையில் துபாசியாக இருந்தவர் திருமேனியப்பர். அயல்நாட்டு வணிகர் சொல்வதை அரசருக்கும், அரசர் சொல்வதை அவர்களுக்கும் மொழிபெயர்த்துரைப்பது அவர் பணி. அவருக்கு ஏழு மொழிகள் தெரியும். அந்த ஏழிலும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரியும். ஆயினும் அவருடைய இருக்கையின்மீது சுங்க அதிகாரி வல்லபராயருக்கு நெடுநாளாக ஒரு கண். தம் மருமகனை அதில் அமர்த்திவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்கொரு வாய்ப்பும் வந்தது. அந்த ஆண்டின் இஞ்சி முழுவதும் தமக்கே வேண்டும் என்று மூன்று வணிகர் ஒரே நாளில் அவைக்கு வந்து நின்றனர்.

போர்த்துக்கீசியரான கஸ்பார் முந்திக்கொண்டார். "அரசே, இதற்கு எங்கள் மொழியில் 'ஜெஞ்ஜீப்ரி' என்று பெயர். இதோ நிற்கும் ஒல்லாந்தர் அதைக் கடித்துக் குதறிக் 'கெம்பர்' என்கிறார். பெயர் எங்களுடையது என்றால் பொருளும் எங்களுக்குத்தானே?"

"நாங்கள் சுருக்கமாகச் சொன்னதை ஜவ்வாக இழுத்தவர் இவர்" என்றார் ஒல்லாந்தரான யோரிஸ்.

டேனியரான நீல்ஸ் பொறுமையாகத் தாடியை நீவினார். "எங்கள் ஊரில் 'இங்கெஃபேர்' என்போம். இவர்கள் இருவரும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். போனால் போகிறது என்று விட்டிருந்தோம்."

மூவர் சண்டையையும் திருமேனியப்பரே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஒருவரை ஒருவர் வைத வசவுகளை மட்டும் அவர் பெயர்க்கவில்லை.

அரசர் சிரித்தார். வல்லபராயர் சிரிக்கவில்லை, எழுந்து வணங்கினார்.

"மன்னவா, பெயர் யாருடையதோ அவருக்கே இஞ்சி என்று விதித்துவிடலாம். பெயர் யாருடையது என்பதை மொழிவல்லவரான நம் துபாசி நாளைக்குள் சொல்லட்டும். ஆனால் அந்தத் தீர்ப்பை மூவரும் தத்தம் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மறுத்தாலும், துபாசிப் பதவிக்கு வேறு ஆள் பார்க்க நேரிடும்."

"நல்ல வேடிக்கைதான். அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

திருமேனியப்பர் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒருவர் பக்கம் சொன்னால் மற்ற இருவரும் மறுப்பர். மூவருக்கும் பொது என்றாலோ மூவருமே மறுப்பர். யோசித்துக்கொண்டே கடற்கரைப் பண்டசாலைப் பக்கம் நடந்தார். அங்கே நீல்ஸ் ஒரு சுக்கு மூட்டையைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"துபாசியாரே, இந்த ஆண்டு மழை எப்படி? மரங்கள் நன்றாகத் தழைத்தனவா?" என்று விசாரித்தார் அவர்.

"எந்த மரங்கள்?" என்று கேட்க வாயெடுத்த திருமேனியப்பர், அப்படியே மூடிக்கொண்டார். நேராக அரண்மனைத் தோட்டக்காரர் வீட்டுக்கு விரைந்தார்.

மறுநாள் அவையின் நடுவே பத்துத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. பத்திலும் பத்துவிதப் பச்சைச் செடிகள்.

"மன்னவா, பட்டியில் அடைபட்ட ஒரு கன்றுக்கு மூவர் உரிமை கொண்டாடினால் நம் நாட்டு வழக்கம் என்ன?" என்று தொடங்கினார் திருமேனியப்பர்.

"பத்துக் கன்றுகளுக்கு நடுவே அதை நிறுத்தி, உன் கன்று எது, காட்டு என்போம். தவறாகக் காட்டியவனுக்கு உரிமை இல்லை."

திருமேனியப்பர் அதை மூவருக்கும் மொழிபெயர்த்தார். "நியாயமான வழக்கம், கட்டுப்படுகிறோம்" என்று மூவரும் தலையசைத்தனர்.

"மகிழ்ச்சி. நீங்கள் பெயர் வைத்து வளர்த்த பிள்ளை இந்தப் பத்துத் தொட்டிகளுள் ஒன்றில் இருக்கிறது. காட்டுங்கள்."

கஸ்பார் இருமுறை வரிசையைச் சுற்றிவந்து, சிவந்த பூ பூத்திருந்த செடியைத் தொட்டார். அது கல்வாழை. யோரிஸ் குனிந்து நிமிர்ந்து, நெடுநேரம் கண்ணை இடுக்கிப் பார்த்து மஞ்சள் செடியைக் காட்டினார். நீல்ஸ் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

"துபாசியார் எங்களை ஏமாற்றப் பார்க்கிறார். இஞ்சி என்பது மரத்தின் பட்டை. இங்கே மரமே இல்லையே" என்றார்.

அவை சிரிப்பில் குலுங்கியது. இஞ்சி பயிரிட்டு அரண்மனை மடைப்பள்ளிக்குக் கொண்டுவரும் செம்பாயியை உள்ளே அழைக்கச் சொன்னார் திருமேனியப்பர். அவள் அரசரைக் கும்பிட்டாள். தொட்டிகளை ஒரு பார்வை பார்த்தாள். ஏழாம் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். செடியை அடியோடு பிடுங்கி, மண்ணை உதறிக் காட்டினாள்.

"என்னம்மா அது?" என்று கேட்டார் திருமேனியப்பர்.

"இதுகூடத் தெரியாதா சாமி? இஞ்சி வேரு."

"அவர்களுக்கும் கேட்கட்டும். இன்னொரு முறை சொல்."

"இஞ்சி வேருங்க."

நீல்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இஞ்சிவேர்... இங்கெஃபேர்..." என்று முணுமுணுத்தார். கஸ்பாரின் உதடுகளும் அசைந்தன. யோரிஸ் தம் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு இங்கிருந்து கப்பல் ஏறியபோது பெயரும் கூடவே ஏறியிருக்கிறது" என்றார் திருமேனியப்பர். "கைமாறிய துறைமுகந்தோறும் கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் ஒட்டி, ஆளுக்கொரு வடிவமாய் உங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மறுப்பவர் உண்டா?"

"இல்லை" என்றார் நீல்ஸ். "இல்லை" என்றார் யோரிஸ். கஸ்பார் பெருமூச்சு விட்டு, "இல்லைதான்" என்றார்.

வல்லபராயர் விடவில்லை. "அப்படியானால் இஞ்சி யாருக்கு?"

"கன்றை அடையாளம் காட்டியவருக்கு. வேண்டுவோர் செம்பாயியிடமும் அவளைப் போல் பயிரிடுவோரிடமும் விலை பேசி வாங்கிக்கொள்ளட்டும்."

மூவரும் ஒரே நேரத்தில் செம்பாயியைச் சூழ்ந்துகொண்டனர். "ஒவ்வொருத்தரா வாங்கய்யா" என்று அவள் அதட்டியது, மொழிபெயர்ப்பு இல்லாமலே அவர்களுக்குப் புரிந்தது.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றித் திருமேனியப்பர் கழுத்தில் அணிவித்தார். அணிவிக்கும்போதே மெல்லிய குரலில் கேட்டார்: "உண்மையைச் சொல்லும். அந்தப் பத்தில் எது இஞ்சி என்று உமக்குத் தெரியுமா?"

"தெரிந்திருந்தால் செம்பாயியை ஏன் அழைக்கிறேன், மன்னவா?"

அரசர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"சத்தம் போடாதீர். கல்வாழை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்."