கொம்பழகன் நடந்த பாலம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் வெண்ணாவரம் என்ற நாட்டைக் கீர்த்திசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நேரத்துக்கு ஒரு புத்தி. தன் கிளி தூங்குகிறது என்று அரண்மனை முழுவதையும் மூன்று நாள் கிசுகிசுவென்று பேசவைத்தவர். மந்திரிகளே அவர் முன் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தவள் ஒருத்திதான், கீழத்தெரு மருத்துவச்சி ஆவுடையம்மாள்.

மாதம் ஒருநாள் ராஜா குடிமக்களிடம் குறை கேட்பார். அன்றைக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள். குடிக்கிற குளத்துக்குப் பக்கத்தில் மாட்டுத்தொழுவம் கட்டியது தப்பு என்பாள். பொழுது சாயுமுன்னே கோட்டை வாசலைச் சாத்தினால் வயலுக்குப் போனவர்கள் எங்கே போவார்கள் என்பாள். பிரசவம் பார்க்க வீடு வீடாகப் போகிறவளாயிற்றே, ஊரில் அவளுக்குத் தெரியாத பள்ளம் கிடையாது. ராஜாவுக்கு அவள் பேச்சு பிடிக்கும். தெருவையும் பாலத்தையும் பழுதுபார்க்கவேண்டிய வீதி விசாரிப்பு அதிகாரி நல்லசிவராயருக்கோ அவளைக் கண்டாலே வயிறு எரியும். அவள் வந்து பேச ஆரம்பிக்கும்வரை ராஜா காது கொடுத்துக் கேட்டது அவர் பேச்சை மட்டும்தான்.

அந்த மாதம் அவள் ஒரே ஒரு குறையோடு வந்தாள்.

“மகாராசா, எங்க தெருவுக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கிற வாய்க்கால் பாலம் இடிஞ்சு மூணு வருசமாச்சு. ஒத்தப் பனந்தடியைப் போட்டுத்தான் தாண்டுறோம். போன ஐப்பசி மழையில அதையும் வெள்ளம் கொண்டுபோயிருச்சு. நான் வடக்கு வாசலைச் சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள, அக்கரையில வலி கண்டு கிடந்த செண்பகத்தோட பிள்ளை போயிருச்சு. அடுத்த மழைக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு.”

 

“அத்தனையும் பொய், மகாராஜா,” என்றார் ராயர். “போன வருடம் தாங்களே அந்தப் பாலத்தின் மேல் நடந்து போனீர்கள். கால் இடறியதா?”

“இல்லையே,” என்றார் ராஜா.

நடந்து போனது என்னவோ உண்மை. ராஜா நகர்வலம் வந்தால் அவர் பாதம் மண்ணில் படாதபடி தெரு நெடுக வெள்ளைத் துணி விரிப்பது அந்த நாட்டு வழக்கம். நடைபாவாடை என்பார்கள். இடிந்த இடத்தில் நாலு பலகையைப் போட்டு, அதன்மேல் நடைபாவாடையை விரித்துவிட்டார் ராயர். ராஜா தாண்டியதும் துணியும் போயிற்று, பலகையும் போயிற்று. அதைச் சொல்ல ஆவுடையம்மாளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் ராயர் மறுப்பார், சாட்சிக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். விழுங்கிக்கொண்டாள்.

“நாளைக்கே நேரில் வந்து பார்த்துவிடுகிறேன்,” என்றார் ராஜா. “பாலம் இடிந்திருந்தால் ராயருக்குத் தண்டனை. நன்றாக இருந்தால்?”

“இவள் ஊரைவிட்டே போகவேண்டும்,” என்று முந்திக்கொண்டார் ராயர்.

“சம்மதம்,” என்றாள் ஆவுடையம்மாள். “ஆனா நாளைக்கு வேண்டாம் மகாராசா. எட்டு நாள் கழிச்சு வாங்க. நடந்து வராதீங்க, கொம்பழகன் மேல வாங்க. எங்க தெரு இன்னும் பட்டத்து யானையைப் பார்த்ததில்ல.”

ராஜாவுக்குக் கொம்பழகன் என்றால் உயிர். முகம் மலர்ந்துவிட்டது. “யானையைப் பாலம் தாங்கும் அல்லவா, ராயரே?”

“தாங்கும் மகாராஜா. தங்கள் பாட்டனார் காலத்துக் கட்டு.”

எட்டு நாள் அவகாசம் கொடுத்த அசடு என்று சிரித்துக்கொண்டே ராயர் வீட்டுக்குப் போனார். சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. பலகை ராஜாவைத் தாங்கும். கொம்பழகனைத் தாங்குமா? யானை வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை, தாங்கும் என்று சபையிலேயே சொல்லியாயிற்று. ராஜா வாய்க்காலில் விழுந்தால் தன் தலை என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். சாப்பிடாமலே எழுந்தார்.

மறுநாள் காலையிலேயே வண்டி வண்டியாகக் கருங்கல் வந்து இறங்கியது. ஆவுடையம்மாள் தினமும் போய் நின்று பார்த்தாள். “கொத்தனாரே, அந்த மூலைக்கல்லு ஆடுதே,” என்பாள். அவரும் சரி செய்வார். எட்டாம் நாள் காலையில் கடைசிப் பூச்சு முடிந்தது.

அன்றைக்கே, சொன்னபடி கொம்பழகன் மேல் ராஜா வந்தார். யானை துதிக்கையால் தடவிப் பார்த்தது, ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தது, அப்புறம் அசைந்து அசைந்து தாண்டிக் கீழத்தெருவுக்குள் வந்தது. பாலம் இம்மி அசையவில்லை.

“எங்கே மகாராஜா இடிந்திருக்கிறது?” என்றார் ராயர்.

ஆவுடையம்மாள் கையில் துணிமூட்டையோடு முன்னே வந்தாள். “நான் தோத்துட்டேன் மகாராசா. பாலம் நல்லா இருக்கு. கிளம்புறேன்.” இரண்டடி வைத்தவள் நின்றாள். “போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்றேன். கொம்பழகன் காலைக் கழுவிவிடச் சொல்லுங்க. ஈரச் சுண்ணாம்பு, பொத்துப் போயிரும்.”

ராஜா திரும்பிப் பார்த்தார். பாலத்திலிருந்து தெரு வரைக்கும் வெள்ளை வெளேரென்று யானைக் காலடிகள் பதிந்திருந்தன.

“ராயரே, என் பாட்டனார் பூசிய சுண்ணாம்பு இன்னுமா காயவில்லை?”

ராஜா ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினார்.

“தோற்போம் என்று தெரிந்தேதான் பந்தயம் கட்டினாயா, ஆவுடையம்மா?”

“நான் ஜெயிச்சிருந்தா ராயருக்குத் தண்டனை கிடைச்சிருக்கும் மகாராசா. எங்களுக்குப் பாலம் கிடைச்சிருக்காது.”

ராஜா யானையிலிருந்து இறங்கினார். நடைபாவாடை இல்லாமல் அவர் கால் மண்ணில் பட்டது அதுதான் முதல் தடவை. அவள் மூட்டையைத் தம் கையால் வாங்கி அவள் வீட்டு வாசலில் வைத்தார். “இனிமேல் மாதாமாதம் கொம்பழகன் ஒரு தெருவுக்குப் போவான். எந்தத் தெரு என்று அன்று காலையில் இவள் சொல்வாள். முன்னால் ராயர் வெறுங்காலோடு நடப்பார்,” என்று ஆணையிட்டார்.

அந்த வாரமே ராயர் அவள் வீட்டு வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “முதலில் எந்தத் தெரு, தாயே?” என்று கேட்டார்.

“யானைக்கே இன்னும் சொல்லலியே,” என்றாள் அவள்.

ராயர் என்ன செய்வார், பாவம், ஊரில் இருக்கிற எல்லாத் தெருவையும் சரி செய்தார். மறு வருஷம் ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியபோது செண்பகத்துக்கு மறுபடி வலி கண்டது. ஆவுடையம்மாள் பாலத்தைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பிறந்த பிள்ளை அழுத சத்தம் கீழத்தெரு வரைக்கும் கேட்டது.