காலடியில் ஒரு பாட்டில்

படத்தில் நிற்கிற ஒருத்தியைக் குடிகாரி என்று, ஒரு வார்த்தைகூட எழுதாமல், எப்படிச் சொல்வீர்கள்?

அமெரிக்காவில், புகைப்படம் அச்சில் ஏறாத அந்தக் காலத்தில், ஓவியர் மரக்கட்டையில் வரைந்து கொடுப்பதைச் செதுக்கித்தான் பத்திரிகைப் படமெல்லாம் வரும். செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்டு வைத்த இடம் கறுப்பு. அவசரப் படம் என்றால் கட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள். முகம் கைதேர்ந்தவருக்கு. வானமும் தரையும் கற்றுக்கொள்கிறவருக்கு. முடிந்ததும் திருகாணி போட்டு ஒன்றாக முடுக்கிவிடுவார்கள்.

அப்படி ஒரு பட்டறையில் கைதேர்ந்தவள் லவீனியா. அவளிடம் தொழில் கற்றவள் ஹனோரா, அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த சலவைக்காரியின் மகள்.

அன்று ஹனோராவுக்குத் தரைத் துண்டு வந்தது. கிழிந்த பூட்ஸ், சேறு, ஒரு சாராய பாட்டில். பாட்டில் மேல் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதைக்கூடச் செதுக்கியிருந்தாள். லவீனியா பார்த்துவிட்டு "ம்" என்றாள். அவளிடம் ஒரு "ம்" வாங்குவது லேசில்லை.

துண்டுகளை முடுக்கி, மை தடவி, ஒரு தாள் எடுத்துப் பார்த்தார்கள். சலவை ஆலை வாசல். கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்திய பெண்கள் இருட்டில் நிற்கிறார்கள். படியில் ஆலைக்காரர் வீட்டு அம்மாள், வெயிலெல்லாம் அவள் மேலே. பாட்டில், இந்தப் பெண்களின் காலடியில்.

ஹனோராவின் அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. இந்தப் படம் ஊரெல்லாம் போனால், குடிகாரிகளுக்கு யார் கூலி ஏற்றுவார்கள்?

"டீச்சர், எங்க அம்மா குடிக்கிறதில்ல."

"பாட்டிலுக்கு அது தெரியாது."

"அங்க யாரும் பாட்டில் வச்சுக்கிட்டு நிக்கல. வரைஞ்சவரு அந்தத் தெருப்பக்கமே போகல."

"போகாம வரையிறதுதான் சுலபம். வெயிலை யாரு தலையில கொட்டியிருக்காரு பாரு."

ஹனோராவுக்குக் கோபம் வந்தது. "முகத்தைச் செதுக்கும்போது உங்களுக்கு இதெல்லாம் தெரியலயா?"

"தெரிஞ்சுது. எல்லாரையும் பல்லைக் காட்ட வச்சிருந்தாரு. நான் அவங்க வாயை மூடிட்டேன். பாட்டில் உன் துண்டுல இருக்கு."

ஹனோரா தாளை மறுபடி பார்த்தாள். பெண்கள் வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்த்தார்கள்.

"அப்போ பாட்டிலைச் சுத்தி வெட்டி, ஒரு வேதப்புத்தகமா மாத்திடறேன். நல்லவங்கன்னு தெரியட்டும்."

லவீனியா சிரித்தாள். "வேதப்புத்தகம் இல்லாதவ கூலி கேக்கக்கூடாதா?"

ஹனோரா கட்டையைத் தன் பக்கம் திருப்பினாள். உளியை எடுத்தாள். குழந்தை வாயோரம் ஒட்டிய சோற்றை வழிப்பதுபோல, பாட்டிலை ஓரத்திலிருந்து வழித்தெடுக்க ஆரம்பித்தாள்.

"வெட்டின மரம் திரும்ப ஒட்டாது. வேலை போயிடும்," என்றாள் லவீனியா.

"உங்களுக்குமா?"

"எனக்குந்தான். அடிப்பக்கம் இன்னும் கறுப்பு தெரியுது பாரு, அதையும் எடு."

பத்திரிகை முதலாளி வந்தார். புதுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாட்டில் எங்கே?"

"அங்க இல்ல. அதனால இங்கயும் இல்ல," என்றாள் லவீனியா.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நான்தான் எடுத்தேன்," என்றாள் ஹனோரா.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்," என்றாள் லவீனியா.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சு யந்திரம் காத்துக்கொண்டிருந்தது. வேறு கட்டை இல்லை.

"இந்த வெள்ளை இடத்தைப் பார்த்து, இவளுங்க எப்பேர்ப்பட்டவங்கன்னு வாசகனுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்க."

லவீனியா கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹனோரா, உங்க அம்மா இந்நேரம் ஆலை வாசல்லதான் நிப்பாங்க. ஐயாவைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போ. அவங்களையே கேக்கட்டும்."